ஹட்டன் பக்கம் மாடி வீட்டு ஜன்னல் கண்ணாடிய ஆள் வச்சு கழுவுறது வருஷத்துக்கு எத்தன தடவ? மாசா மாசம் தேவையா?

மழைச்சாரல்_ஹட்டன் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். எங்க வீடு ஹட்டனுக்கும் டிக்கோயாவுக்கும் இடையில, ரோட்டுக்கு மேல சரிவுல இருக்கு. அண்ணன் கட்டார்ல உழைச்சு கட்டின வீடு, போன வருஷம் தான் பால் காய்ச்சி குடி வந்தோம். தேயில மலை தெரியணும்னு முன்பக்கம் முழுக்க பெரிய கண்ணாடியா போட்டுட்டாங்க, மேல் மாடிலயும் அப்பிடித்தான். இப்ப வீட்டுல அம்மாவும் நானும் மட்டும் தான். கீழ உள்ள ஜன்னல் எல்லாம் நானே தொடச்சிருவேன், மேல் மாடில வெளிப்பக்கம் மட்டும் என்னால ஏலாது, ஏணி வைக்க சமதரையே இல்ல, அம்மா கிட்ட விடவும் பயம்.

ஒரு க்ளீனிங் கொம்பனில இருந்து வந்து பாத்துட்டு மாசத்துக்கு ஒருக்கா வர்ற மாதிரி ஒரு வருஷத்துக்கு எக்ரிமென்ட் போடச் சொல்றாங்க, இந்த ஊரு மழைக்கு மாசா மாசம் கழுவாட்டி கண்ணாடி பழுதாயிரும்னு சொல்றாங்க. பக்கத்து வீட்டு மாமா என்னடான்னா மழையே கழுவிட்டு போயிரும், எதுக்கு அந்த காசுன்னு கேக்குறாரு. அண்ணன் அனுப்புற காசுல தான் எல்லாமே நடக்குது, அதனால வீணா செலவு பண்ணவும் மனசு வரல்ல, அவ்வளவு ஆசையா போட்ட கண்ணாடிய பழுதாக விடவும் மனசு வரல்ல.

இன்னொண்ணு, மேல் ஜன்னல்ல மேல இருந்து கீழ வர வெள்ளக் கோடு கோடா இருக்கு, உள்பக்கம் இருந்து கைய நீட்டி எட்டுற அளவுக்கு சவர்க்காரம் போட்டு தேச்சும் போகல்ல. வெயில் படாத பக்கத்து ஜன்னல் ஓரத்துல பச்சையா பாசி வேற. இந்த பக்கம் இருக்கிறவங்க எவ்வளவு நாளைக்கு ஒருக்கா ஆள் எடுக்குறீங்க?

ஊவாக்காத்து:

நான் பண்டாரவளை. எங்க பக்கத்து கணக்கு உங்களுக்கு அப்பிடியே சரி வராது தங்கச்சி, அத முதல்லயே சொல்லிறேன். நாங்க மலைக்கு அந்தப் பக்கம். உங்களுக்கு மே மாசத்துல இருந்து செப்டம்பர் வர மழை கொட்டுற நேரத்துல எங்களுக்கு காத்து தான், ஜூலை ஆகஸ்ட்ல தோட்டத்து மண்ணெல்லாம் அள்ளிட்டு வந்து கண்ணாடில அப்பும், வெலிமடை பக்கம் மரக்கறி தோட்டத்துக்கு கிட்ட இருக்கிற வீடுன்னா இன்னும் மோசம். எங்களுக்கு பெரிய மழை ஒக்டோபர்ல இருந்து ஜனவரி வர. அதனால நான் காத்து அடங்கின பொறகு செப்டம்பர் கடைசில ஒருக்கா, மழை விட்ட பொறகு மார்ச்ல ஒருக்கா ஆள் எடுக்குறேன். மத்த நேரம் ஓஸ் அடிச்சு விட்டுட்டு வைப்பரால இழுத்துருவேன், போதும்.

உங்க பக்கம் வேற. வட்டவளை, கினிகத்தேன, ஹட்டன் இதெல்லாம் நாட்டுலயே சரியான மழை பெய்யிற இடம். மழை காலத்துல மாசா மாசம் கழுவி என்ன பண்ண போறீங்க, இன்னைக்கு கழுவினா நாளைக்கு திரும்ப நனையும்.

ஏணிப்படி:

நான் கண்டில இருந்து இந்த வேல தான் செய்றேன், வீடு, கடை, ஹோட்டல் எல்லாம். நுவரெலியா, ஹட்டன் பக்கமும் வந்து போறது தான். அதனால தொழில் பண்றவனா சொல்றேன் அக்கா, வீட்டுக்கு மாசா மாசம் தேவையில்ல. மாசம், கிழமைன்னு கணக்கு வக்கிறது கடைக்கும் ரெஸ்டூரண்டுக்கும், அங்க கண்ணாடில ஒரு கைரேகை இருந்தாலும் ஆள் உள்ள வராது. வீட்டுக்கு சாதாரணமா வருஷத்துக்கு ரெண்டு தடவ வெளிப்பக்கம் செஞ்சா தாராளம், உள்பக்கம் வீட்டுக்காரங்களே பாத்துக்கலாம். கொழும்புல கடலுக்கு கிட்ட உள்ள வீடுன்னா கத வேற, உப்புக்காத்து படியிறதால ரெண்டு மூணு மாசத்துக்கு ஒருக்கா செய்வாங்க. மலைல உப்பு இல்ல. எங்களுக்கு உள்ள பிரச்சின ஈரம், பாசி, புகை, அதோட சீமெந்து.

மாமா சொல்றதுல பாதி சரி. மழைத்தண்ணி சுத்தமான தண்ணி தான், அதுல சுண்ணாம்பு உப்பு எல்லாம் பெரிசா இல்ல, தூசி இல்லாத கண்ணாடில மழை பட்டா ஒண்ணும் ஆகாது. ஆனா ஜனவரி பெப்ரவரில மழை இல்லாம தூசி படிஞ்சு கெடக்கிற கண்ணாடில முதல் மழை பட்டா அந்த தூசி கரைஞ்சு ஓடி புள்ளி புள்ளியா காஞ்சு நிக்கும். அத பாத்துட்டு தான் மழை வந்து ஊத்தையாக்கிட்டுன்னு சொல்றாங்க. பக்கத்துல தேயில பெக்டரி இருக்குதுன்னா விறகு அடுப்பு புகையும் சேந்து ஒரு மாதிரி பிசுபிசுன்னு ஒட்டும், அது வெறும் மழைக்கு போகாது.

கொம்பனி சொன்னதுலயும் கொஞ்சம் உண்மை இருக்கு. கண்ணாடியும் பழுதாகும் தான். ஈரம் காயாம நாள் கணக்கா தங்கிச்சுன்னா கண்ணாடில உள்ள சோடியம் மெல்ல மெல்ல தண்ணில கரைஞ்சு வெளிய வரும், மேல்மட்டம் மங்கிப் போகும். அடுக்கி வச்ச கண்ணாடிக்கு இடையில தண்ணி போனா அது சீக்கிரம் நடக்கும், ஆனா நிமிந்து நிக்கிற, காத்துப்படுற ஜன்னல்ல அப்பிடி ஒரு மாசத்துல நடக்காது. அத காரணம் காட்டி மாசத்துக்கு ஒருக்கா வரணும்னு சொல்றது சரியில்ல.

ஆனா உங்க வெள்ளக் கோடு தான் எனக்கு யோசனையா இருக்கு. புது வீடு தானே, ஜன்னலுக்கு மேல சன்ஷேட் கொங்கிரீட் பெயின்ட் அடிக்காம இருக்கா? இருந்தா அந்த கோடு அங்க இருந்து தான் வருது. புது சீமெந்துல பட்டு வடியிற தண்ணில காரம் இருக்கும், அது கண்ணாடில ஓடி காஞ்சு வெள்ளயா நிக்கும், கனகாலம் விட்டா கண்ணாடியவே அரிக்கும். அது மழையோட குத்தம் இல்ல, மழை எதுல பட்டு வடியுதோ அதோட குத்தம். இத மட்டும் அடுத்த சீசன் வர விடாதீங்க.

ஒரு சோதன சொல்றேன். வெள்ள வினாகிரிய ஒரு துணில நல்லா நனைச்சு கோட்டுல ஒரு ஓரத்துல மட்டும் ஒட்டி வைங்க, அஞ்சு பத்து நிமிஷம் காய விடாம வச்சு எடுத்து பாருங்க. கோடு போச்சுன்னா மேல படிஞ்ச உப்பு தான், கழுவினா சரி. போகாம, நகத்தால தடவினா சொரசொரன்னு இருந்தா கண்ணாடி அரிச்சிருக்கு. டொய்லட் கழுவுற அசிட்ட மட்டும் யார் சொன்னாலும் ஊத்தாதீங்க, அலுமினிய ப்ரேம் கெட்டுப் போயிரும். பாத்திரம் தேய்க்கிற கம்பி, பிளேட் ரெண்டும் வேணாம், அதுவும் டெம்பர்ட் கண்ணாடின்னா பிளேட் வச்சா நீளமா கீறு விழுறது நிறைய நடக்குது. வினாகிரி கல்லுல, சீமெந்துல வடியாம கீழ துணி வச்சுக்கோங்க.

பட்டிவேலை:

கம்பளைல மரவேல, கண்ணாடி வேல செய்றேன். ஏணிப்படி தம்பி சொன்ன சன்ஷேட் விஷயம் நூத்துக்கு நூறு சரி. அதுக்கு பரிகாரம் கண்ணாடிய கழுவுறது இல்ல. சன்ஷேட் அடிப்பக்கத்துல வெளி ஓரத்த ஒட்டி நீளத்துக்கு ஒரு சின்ன காடி (பள்ளமா வெட்டின கோடு) இருக்கணும், தண்ணி அந்த காடிக்கு வந்ததும் உள்ள ஓட ஏலாம சொட்டா கீழ விழுந்துரும். இப்ப நிறைய மேசன் பாஸ்மார் அத விட்டுர்றாங்க. காடி இல்லாட்டி தண்ணி அடிப்பக்கமாவே ஓடி வந்து சுவத்துல எறங்கி நேரா கண்ணாடிக்கு வரும். இப்ப வெட்ட ஏலாதுன்னா ஓரத்துல ஒரு அலுமினிய ஆங்கிள் பட்டிய ஒட்டினாலும் சரி. அதோட மழை இல்லாத நாள் பாத்து சன்ஷேட்டுக்கு வெதர் பெயின்ட் ரெண்டு கோட் அடிங்க. ஒரே ஒரு நாள் வேல, அத செஞ்சா மாசா மாசம் ஆள் எடுக்கிற காசு மிச்சம்.

அப்புறம் உங்களோடது ஸ்லைடிங் ஜன்னலா? அப்பிடின்னா கீழ் தண்டவாளத்துல வெளிப்பக்கமா சின்ன சின்ன ஓட்டை இருக்கும், தண்ணி வெளிய போறதுக்கு. அதுல பாசியும் மண்ணும் அடைச்சா ஜூன் மாச மழைக்கு தண்ணி நிரம்பி உள்ள வழியும், எல்லாரும் ஜன்னல் ஒழுகுதுன்னு சிலிக்கன் அடிச்சு அந்த ஓட்டையவே மூடிர்றாங்க. அத மூடவே கூடாது. ஏப்ரல் முடியிறதுக்குள்ள பழைய டூத் பிரஷ்ஷால எல்லா ஓட்டையயும் குத்தி எடுத்துட்டு ஒரு கப் தண்ணி ஊத்தி வெளிய போகுதான்னு பாருங்க.

மர ப்ரேம் வச்சிருக்கிறவங்களுக்கு ஒரு வார்த்த. கண்ணாடிய ப்ரேமோட ஒட்ட சுத்தி அப்பியிருக்கிற பட்டி (putty) வெடிச்சிருந்தா ஓஸ்ஸோ பிரஷர் மெஷினோ அடிக்க விடாதீங்க. தண்ணி பட்டிக்கு பின்னால போய் மரம் ஊதி, ஜன்னல் சாத்தவே ஏலாம போயிரும். பழைய பங்களாக்கள்ல இத நிறைய பாக்குறேன். முதல்ல பட்டி, பெயின்ட், பொறகு தான் கழுவுறது.

மழைச்சாரல்_ஹட்டன்:

ரொம்ப நன்றி அண்ணாமாரே. சன்ஷேட் பெயின்ட் அடிக்கல்ல தான், காடியும் இல்ல, இப்ப தான் போய் பாத்தேன். ஸ்லைடிங் தான். வினாகிரி வச்சு பாத்தேன், ஹோல் ஜன்னல்ல கோடு போயிட்டு, நல்லா பளிச்சுன்னு வந்துச்சு. ஆனா அறை ஜன்னல்ல ஒரு கோடு மட்டும் மங்கலா அப்பிடியே நிக்குது, லேசா சொரசொரப்பாவும் இருக்கு. அந்த கண்ணாடிய மாத்தணுமா?

அப்புறம் உள்பக்கம் காலைல எழும்பி பாத்தா கண்ணாடி பூரா தண்ணி, அம்மா ரூம்ல ஜன்னல் மூலைல கறுப்பா புள்ளி புள்ளியா வேற இருக்கு. அதுக்கும் ஆள் எடுக்கணுமா?

ஏணிப்படி:

மாத்த வேணாம் அக்கா, அவசரப்படாதீங்க. லேசா அரிச்சதுன்னா சீரியம் ஒக்சைட் பொடிய தண்ணில கொழச்சு பொலிஷ் பண்ணி எடுக்கலாம், பொறுமையா செய்ற வேல. அத நீங்களா செய்யாதீங்க, ஒரே இடத்துல போட்டு தேச்சா அந்த இடம் பள்ளமாகி வெளிய பாக்கிறப்ப நெளிஞ்சு தெரியும். ஆழமா அரிச்சதுன்னா பொலிஷுக்கும் போகாது, ஆனா ஒரு கோட்டுக்காக முழு கண்ணாடிய மாத்துறத விட சன்ஷேட்ட சரி பண்ணிட்டு அப்பிடியே விடுறது மேல்.

வாத்தியாரம்மா:

மகள், நான் தலவாக்கலை. பாடசாலைல இருந்து ரிட்டையர் ஆகி வீட்டுல தான் இருக்கேன், அதனால இந்த உள்பக்கத்து தண்ணி விஷயம் எனக்கு நல்லா தெரியும். அது மழைத்தண்ணி இல்ல, ஒழுக்கும் இல்ல. ராவுல நம்ம மூச்சுக்காத்து, சோறு ஆக்குற ஆவி, உள்ள காயப்போடுற உடுப்பு, இதுல உள்ள ஈரமெல்லாம் குளிர்ந்த கண்ணாடில பட்டு தண்ணியாகுது. அத வருஷத்துக்கு ரெண்டு தடவ வாற ஆள் சரி பண்ண மாட்டார், மாசத்துக்கு ஒருக்கா வந்தாலும் மாட்டார். அது தினசரி வேல. காலைல எழும்பினதும் ஒரு காஞ்ச துணியால தொடச்சு, துணிய வெளிய கொண்டு போய் பிழியணும். வெயில் வந்ததும் ரெண்டு பக்கத்து ஜன்னலையும் கொஞ்ச நேரம் தொறந்து விட்டு காத்து ஓட விடணும், குளிருன்னு நாள் முழுக்க மூடி வச்சா ஈரம் உள்ளயே சுத்தும். உடுப்ப ரூமுக்குள்ள காயப்போடாதீங்க, மழை நாள்ல வேற வழி இல்லாட்டி ஒரே ரூம்ல போட்டு அந்த ரூம் ஜன்னல தொறந்து வைங்க. திரைச்சீல கண்ணாடில ஒட்டாம கொஞ்சம் தள்ளி தொங்கணும்.

கறுப்பு புள்ளி பூஞ்சணம். அம்மாட ரூம்ல அத விடவே விடாதீங்க மகள், வயசானவங்களுக்கு நெஞ்சுச்சளி, இழுப்பு இருந்தா அது கூட்டி விடும். கையுறை போட்டு, ஜன்னல தொறந்து வச்சு, தண்ணி கலந்த ப்ளீச்ச துணில எடுத்து தடவி கொஞ்ச நேரம் விட்டு கழுவுங்க. ஒண்ணு ரொம்ப கவனம், வினாகிரி போட்ட இடத்துல ப்ளீச் போடாதீங்க, ரெண்டும் சேந்தா நச்சு வாயு வரும். அமோனியா உள்ள கண்ணாடி ஸ்ப்ரேயோடயும் சேக்கக் கூடாது. நீங்க வினாகிரி பாவிச்சுட்டு இருக்கிறதால தான் இத அழுத்திச் சொல்றேன். ஒரு நாள் ஒண்ணு, நல்லா கழுவி காஞ்ச பொறகு வேற நாள் மத்தது.

சாதாரண நாள்ல உள்பக்க கண்ணாடிக்கு ஒரு வாளி தண்ணில ரெண்டு சொட்டு பாத்திரம் கழுவுற லிக்விட் போதும், நிறைய போட்டா தான் கோடு விழும். பீலித்தண்ணி (மலை ஊத்துல இருந்து வாற தண்ணி) இருந்தா அத எடுங்க, மலைத்தண்ணி மென்மையா இருக்கும், காஞ்சா புள்ளி நிக்காது. எங்க வீட்டுல விறகடுப்பும் இருக்கு, குசினி ஜன்னல்ல எண்ணெய்யும் புகையும் சேந்து மஞ்சளா படியும், அதுக்கு மட்டும் சுடுதண்ணி.

சீசன்_ரூம்:

நுவரெலியால நாலஞ்சு ரூம் வச்சு வாடகைக்கு விடுறோம். நாங்க வீட்டுக்காரங்க மாதிரி இல்ல, ஏப்ரல் சீசனுக்கு முன்னால மார்ச் கடைசில ஒருக்கா, டிசம்பர் லீவுக்கு முன்னால ஒருக்கா, நடுவுல மழை விட்டதும் இன்னொருக்கா எடுக்குறோம், வாறவங்க முதல்ல ஜன்னலுக்கு தான் போறாங்க. உங்களுக்கு அவ்வளவு தேவையில்ல.

நான் சொல்ல வந்தது வேற. ஆள் எடுக்கிறதுக்கு முன்னால வீட்ட சுத்தி ஒருக்கா நடந்து கூரைக்கு அடில, சன்ஷேட் மூலைல குளவிக்கூடு இருக்கான்னு பாருங்க. தோட்டத்துல கொழுந்து எடுக்கிற நம்ம அம்மாமாருக்கு குளவி கொட்டி ஆஸ்பத்திரிக்கு கொண்டு போறது நமக்கு தெரியாத விஷயம் இல்ல. ஏணில நிக்கிற ஒரு பையன குளவி சுத்தினா அவன் எங்க ஓடுவான்? கூடு இருந்தா அத எடுத்த பொறகு தான் வேலையே. அதே மாதிரி வீட்டுக்கு வாற கரண்ட் வயர் எந்தப் பக்கமா வருதுன்னு காட்டி விடுங்க, அலுமினிய ஏணி அந்தப் பக்கம் போகவே கூடாது.

சும்மா போற ஒரு பொடியன கூப்பிட்டு நாள் கூலி குடுத்து மேல ஏத்துறத பாக்குறப்ப எனக்கு கோவம் வரும். சரிவுல, பாசி புடிச்ச சீமெந்துல ஏணி வச்சு மேல ஏறுறது வெளாட்டு இல்ல. காசு கொஞ்சம் கூட போனாலும் பெல்ட், கயிறு உள்ள ஆளத்தான் எடுக்கணும், அல்லாட்டி கீழ நின்னே நீளக் கம்பால செய்றவங்கள.

மழைச்சாரல்_ஹட்டன்:

எல்லாரும் இவ்வளவு விளக்கமா சொன்னதுக்கு எப்பிடி நன்றி சொல்றதுன்னு தெரியல்ல. டீச்சர், அம்மா ரூம் இன்னைக்கே தொடங்கிட்டேன், வினாகிரி பாவிச்சது ஹோல்லயும் மத்த அறையிலயும் தான், அந்த ரூம்ல இல்ல. கொம்பனிக்கு மாச எக்ரிமென்ட் வேணாம்னு சொல்லிட்டேன். அண்ணன் கிட்ட பேசி முதல்ல சன்ஷேட் வேல.

கடைசியா ஒரு கேள்வி, வருஷத்துக்கு ரெண்டு தடவன்னா எங்க பக்கத்துக்கு எந்த மாசம்? ஆள் வாறப்ப என்னென்ன கேக்கணும்?

ஏணிப்படி:

ஹட்டனுக்கு பெப்ரவரி கடைசி மார்ச் ஒண்ணு, மழை விட்டு தீபாவளிக்கு முன்னால ஒண்ணு. தீபாவளிக்கு எப்பிடியும் வீடு வெள்ள அடிச்சு கழுவுறது தானே, பெயின்ட் வேல எல்லாம் முடிஞ்ச பொறகு கண்ணாடிக்கு ஆள் எடுங்க, முன்னால எடுத்தா திரும்ப பெயின்ட் தெறிக்கும். ஒக்டோபர் நவம்பர்ல பின்னேரம் ஆனா இடி மழை வந்துரும், அதனால விடியக்காலைல வர சொல்லுங்க. மார்ச்ல நேரா வெயில் படுற பக்கத்த உச்சி நேரத்துல செய்ய விடாதீங்க, சவர்க்காரத்தண்ணி இழுக்கிறதுக்குள்ள காஞ்சு கோடு விழும். மே தொடங்கி செப்டம்பர் வர வெளிப்பக்கத்துக்கு ஆள் எடுக்காதீங்க, பாசி பச்சையா தெரிஞ்சா மட்டும் உள்ள இருந்து எட்டுற அளவுக்கு நீங்க ஸ்பொஞ்சால எடுத்து விடுங்க.

ரெண்டு வருஷம் பாருங்க. தீபாவளிக்கு வாறப்ப பெரிசா ஊத்த இல்லன்னா வருஷத்துக்கு ஒரு தடவையா கொறச்சிருங்க, மார்ச்ல உள்ளத விட்டுட்டு தீபாவளிக்கு உள்ளத வச்சுக்கோங்க, ஏன்னா மழை காலத்து பாசி தான் கண்ணாடில ஈரத்த புடிச்சு வக்கிறது. பக்கத்துல பெக்டரி புகை வந்தா மூணாவும் ஆகலாம்.

கேக்க வேண்டியது: விலை ஜன்னல் கணக்கா, நாள் கணக்கா? ப்ரேமும் தண்டவாளமும் அதுல சேத்தியா, கண்ணாடி மட்டுமா? நிறைய பேர் கண்ணாடிய மட்டும் செஞ்சுட்டு போயிருவாங்க, உங்க வீட்டுக்கு தண்டவாளம் தான் முக்கியம். மேல் மாடிய ஏணிலயா கம்புலயா செய்றாங்க? கம்புன்னா உப்பு எடுத்த தண்ணி பாவிக்கிறாங்களான்னு கேளுங்க, அது காஞ்சா புள்ளி நிக்காது, தொடைக்கவே தேவையில்ல. ஆளுக்கு ஏதும் நடந்தா இன்சூரன்ஸ் யாரோடது? முன்னாடியே இருக்கிற கீறு எல்லாத்தையும் போன்ல போட்டோ எடுத்து வைங்க, அந்த அரிச்ச கோட்டையும் சேத்து, பொறகு ரெண்டு பக்கமும் சண்டை வராது.

அவங்க வர்றதுக்கு முதல் நாள் வெளிக் குழாய்ல இருந்து மேல் மாடி வர ஓஸ் எட்டுதான்னு இழுத்து பாருங்க. சரிவு வீட்டுல பாதி நேரம் அதுலயே போயிரும்.